அம்மா முதலில் உண்ட ஆண்டு

திருமண வீடுகளில் பந்தியில் அமர்வதற்கு முன்னர் நான் சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்ப்பதையும், அங்கிருக்கும் அண்டாக்களின் உட்புறத்தைக் குனிந்து நோக்கிவிட்டுத் திரும்புவதையும் நீங்கள் நெடுங்காலமாகக் கேலி செய்து வருகிறீர்கள். மாலைநடைக்கு வரும் நம் குழுவில் ஒருவர், சென்ற மாதத் திருமணமொன்றில், “எந்திரிங்கப்பா, ஆபீசர் அம்மா சோதனைக்கு வந்துட்டாக” என்று சமையற்காரர்களை எழுப்பிவிட்டதும் நினைவிருக்கும். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். இக்காலத்து அண்டாக்கள் எவர்சில்வரால் ஆனவை. அவற்றின் உள்ளே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் குனிந்து பார்க்கிறேன். ஏன் என்று நீங்கள் எவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடும் அகவை நமக்கெல்லாம் வந்துவிட்டது.

எங்கள் வீடு திண்டுக்கல்லின் மேற்கு ஓரத்தில் பழனிச் சாலையை நோக்கி இருந்தது. வாசலில் நின்று கிழக்கே திரும்பினால் மலைக்கோட்டைப் பாறை. மேற்கே, வானம் தெளிந்த நாள்களில், கொடைக்கானல் மலைத்தொடரின் நீலம். அப்பா நாகல் நகரில் வாடகை மிதிவண்டிக் கடை நடத்திவந்தார். வீட்டில் அம்மா, அப்பா, அண்ணன், நான். தை பிறந்துவிட்டால் எங்கள் வாசல் எங்களுக்குரியதன்று. மதுரைப் பக்கத்திலிருந்தும் சிவகங்கைப் பக்கத்திலிருந்தும் பழனிக்கு நடப்போர் விடியற்காலை தொடங்கி அந்தியும் கடந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு மோர் கொடுப்பதை அம்மா, தாம் மணமாகி வந்த ஆண்டிலிருந்து, தம் கடமையாக ஏற்றிருந்தார்.

மோரைக் குடித்துவிட்டு நடப்போர் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: “பழனிக்கு இன்னும் எம்புட்டுத் தூரம் தாயி?” சாலையோரத்தார் அனைவரும் அதற்கு ஒரே விடைதான் வைத்திருந்தோம்: “இந்தா, பக்கந்தான்.” அது மெய்யன்று என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இருப்பினும் அதைக் கேட்டதும் அவர்கள் முகம் தெளியும், கால் எழும்பும். அம்மா அதைச் சொல்லும்போது கையையும் மேற்கே நீட்டுவார். பழனி ஏதோ அடுத்த தெருமுனையில் இருப்பதுபோல் தோன்றும்.

மோர் வைக்கும் அண்டா பித்தளையால் ஆனது. அம்மாவின் பிறந்தகத்துச் சீர். விளிம்பில் அவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள்; விரலால் தடவினால் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். நான் எழுத்தறிந்தது பாதி அந்த விளிம்பில்தான். பித்தளை ஏனத்தில் புளிப்பை ஊற்றினால் களிம்பேறி நஞ்சாகிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனால் ஆண்டுதோறும் மார்கழியில் அதன் உட்புறத்துக்கு ஈயம் பூசிவிடுவார்கள். ஈயம் பூசுபவர் வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர். தெருவில் சிறு குழி தோண்டிக் கரியிட்டுத் துருத்தியால் ஊதி, ஏனத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சார உப்பைத் தூவுவார். மூக்கைக் குத்தும் வெண்புகை எழும். ஈயத்துண்டை உள்ளே தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றியதும், மஞ்சள் மறைந்து நிலவொளி போன்றதொரு வெண்மை பரவும். தெருச் சிறார் அனைவரும் அந்தச் சுற்றுக்காகவே காத்துக் கிடப்போம்.

அவ்வாண்டு அவர் வந்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டு ஏனத்தை வாசல் தாண்டி எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதிலும் பிறந்தகத்துச் சீர். அம்மா தயங்கி, மறுநாள் வரச் சொன்னார். அவர் முகம் கோணாமல், “அதுக்கென்ன தாயி, நாளைக்கு வாரேன்” என்று துருத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தை பிறந்துவிட்டது.

பழைய பூச்சு ஆங்காங்கே தேய்ந்து மங்கியிருந்தது. அழுக்கான ஏனத்தில் அடியார்க்கு மோர் கொடுப்பதா என்று அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. புளியையும் செங்கற்பொடியையும் குழைத்துத் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்தார். ஒரு முற்பகல் முழுவதும் தேய்த்தார். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அப்பாலிருந்து, “மதினி, இதுல மூஞ்சி பாத்தே பொட்டு வச்சுக்கலாம் போலருக்கே” என்றார். அம்மா நாணத்தோடு சிரித்தார். நான் அண்டாவுக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு பொன்முகம் என்னைப் பார்த்தது. எஞ்சியிருந்த ஈயமும் போய்விட்டதென்பதுதான் அந்தப் பொன்னிறத்தின் பொருள் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் அந்தியில் மோரைக் கடைந்து அதில் ஊற்றினார். உப்பு, தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், நாரத்தை இலை, மேலே எலுமிச்சையின் சாறு. விடியலில் முதற் கூட்டம் வந்தது. அம்மா மொண்டு மொண்டு கொடுத்தார். வீட்டுச் சமையலாக இருந்திருந்தால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சுவைத்திருப்பார். முருகனுக்கு நடப்பவர்க்குரியதை முன்னதாக நாவில் வைப்பது எச்சிற்படுத்துவதாகும் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஆகவே சுவைக்கவில்லை. வெள்ளிக்கிழமையைப் பேணினார், ஏனத்தைத் துலக்கினார், எச்சில்படாமல் காத்தார். நல்லவற்றையே செய்துகொண்டு ஒருவர் தீங்கொன்றைச் சென்றடைய முடியும் என்பதை அறிய எனக்குப் பாதி வாழ்நாள் ஆயிற்று. அம்மாவுக்கு அது ஒரே காலையில் தெரிந்துவிட்டது.

சற்றுத் தொலைவில், புளியமரங்களின் கீழ், கூட்டத்தார் ஒருவர் பின் ஒருவராகக் குந்தி வாந்தியெடுத்தார்கள். அப்பா மிதிவண்டியில் விரைந்து சென்று மருத்துவரை அழைத்துவந்தார். மருத்துவர் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து, அண்டாவின் உட்புறத்தை விரலால் துடைத்து, அப்பாவிடம் காட்டினார். விரலில் இளம்பச்சை. அவர் எவரையும் கடியவில்லை. பிற்பகலுக்குள் பெரும்பாலோர் எழுந்து, முகம் கழுவி, மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு முதியவர் போகிற போக்கில், “முருகன் வயித்தக் கழுவி விட்டுட்டான், இனி பாரமில்லாம நடக்கலாம்” என்று சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு பெண் மட்டும் எழவில்லை. அவர் நோன்பிருந்து வெறும் வயிற்றோடு நடந்தவர். பேச்சு வராத தம் மகனுக்குப் பேச்சு வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு வந்தவர். எங்கள் முன்கூடத்தில் பாயில் படுத்திருந்தார். அம்மா அருகிலிருந்து கஞ்சி ஊட்டினார், துணி மாற்றினார், கால் பிடித்துவிட்டார். அந்தப் பெண் ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. அவருடைய தமையனார் ஊரிலிருந்து வந்து, பேருந்தில் திரும்ப அழைத்துப் போகிறேன் என்றார். உடல் தேறாமல் நடக்கக் கூடாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். புறப்படும்போது அந்தப் பெண் வாசலில் நின்று மேற்கே பார்த்தார்.

“பழனிக்கு இன்னும் எம்புட்டுத் தூரம் தாயி?”

அம்மா வாய் திறந்தார். சொல் வரவில்லை. அந்தப் பெண் சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கிழக்கே, பேருந்து நிறுத்தத்தை நோக்கி, நடந்தார். அவருடைய ஊர் எதுவென்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

அன்று மாலை அப்பா அண்டாவை மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பிவந்து, எங்களையெல்லாம் கூடத்தில் நிறுத்தி, “இந்த வீட்ல இனிமே அந்தப் பேச்ச ஒருத்தரும் எடுக்கப்படாது” என்றார். அம்மாவைக் காப்பதாகவே அவர் எண்ணினார். கண்ணில் படாதது மறந்துபோகும், பேசாதது ஆறிப்போகும் என்பது அவர் கணிப்பு. அவர்மீது எனக்கு இன்று சினமில்லை. ஆனால் அவர் கதவைச் சாத்தியது அம்மாவை உள்ளே வைத்து என்பதை இப்போது காண்கிறேன். தம்மைக் குற்றம் சொல்லி அழுவதற்குக்கூட அம்மாவுக்கு அதன்பின் ஓர் ஆள் இல்லாமற்போயிற்று.

மறுநாள் காலை உணவின்போதுதான் அது தொடங்கியது.

நம் தலைமுறையில் அம்மாமார் இறுதியில் உண்டவர்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். அடிச்சோற்றையும், கறி, கூட்டு என்று மிஞ்சிய வெஞ்சனத்தையும் அடுப்படியில் அமர்ந்து உண்பார். அன்று எங்கள் தட்டுகளில் பரிமாறிவிட்டு, “தொடாதீக” என்றார். ஒவ்வோர் ஏனத்திலிருந்தும் ஒரு கவளம் எடுத்துத் தாம் உண்டார். பிறகு கைகழுவி, எங்கள் எதிரில் சுவரோடு சாய்ந்து அமர்ந்தார். தமக்கு ஏதேனும் நேர்கிறதா என்று பார்க்கிறார் என்பதை அண்ணன்தான் முதலில் உணர்ந்தான்.

எங்கள் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியே விழும் வெயில், தரையிலிருந்த கடப்பைக் கற்களின்மீது ஒரு கட்டமாகக் கிடக்கும். அந்தக் கட்டம் ஒரு கல்லைக் கடந்து அடுத்த கல்லைத் தொட்ட பின்னர்தான் நாங்கள் உண்ணலாம். முகில் மூடிய நாள்களில் அம்மா தம் மனத்தால் கணக்கிட்டார். அது வெயிலைவிட மெதுவாக நகர்ந்தது. மாலையில் வெயில் இல்லை. எனவே கொடைரோட்டுப் பக்கம் போகும் தொடர்வண்டி திண்டுக்கல்லை விட்டுப் புறப்படும் ஊதல் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். “ரயில் லேட்டுன்னா நம்ம பட்டினியா?” என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். அம்மாவின் கண் எங்கள் தட்டுகளின்மீது இருந்தது. செவி தம் வயிற்றின்மீது இருந்தது.

சோறு ஆறிக் குழம்பில் எண்ணெய் உறையும். அப்பளம் நமுத்துப்போகும். வாழைக்காய் வறுவலின் மணம் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருக்க, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் அமர்ந்திருப்போம். மூவர் என்றேன், ஆம், அப்பாவும்தான். ஒருமுறை அவர் பொறுமையிழந்து முதலில் கவளத்தை எடுத்து வாயில் போட்டுவிட்டார். அம்மா சண்டையிடவில்லை. அன்று முழுவதும் தாம் ஒன்றும் உண்ணாமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருமினால் எழுந்து நின்றார். அதன்பின் அப்பா அந்த வழியில் முயலவில்லை. கடையைக் காரணம் காட்டி நண்பகலில் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். எங்களுக்கு அந்த வழியும் இல்லை.

ஆவணியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் வீட்டுக்கு வந்து, சிறு புட்டியில் கலவை மருந்து கொடுத்து, உடனே ஒருவேளை கொடுக்கச் சொன்னார். அம்மா அதைத் தாம் ஒரு வாய் குடித்துவிட்டுக் காத்திருந்தார். மருத்துவர் திகைத்தார். “காய்ச்சல் புள்ளைக்கா ஒங்களுக்காம்மா?” என்று கடிந்தார். அதே மருத்துவர்தான், தையில் தம் விரலில் பச்சையைக் காட்டியவர். அந்த விரலுக்கும் இந்த ஒரு வாய்க்கும் உள்ள தொடர்பை அவர் காணவில்லை. கண்டிருந்தாலும், அதைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்றே.

ஊர் வேறுவிதமாகக் கண்டது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் முந்தித் தான் தின்றுவிட்டு, அவர்களைப் பார்க்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என்று அம்மாவைப் பற்றிப் பேச்சுப் பரவியது. பொன்முகம் பார்த்துப் பாராட்டிய பக்கத்து வீட்டு அத்தைதான் அதைப் பரப்பியவர். அவருடைய சிறு மகள் ஒருநாள் விளையாட்டு வேர்வையோடு ஓடிவந்து தண்ணீர் கேட்டாள். அம்மா, “ஒங்க வீட்ல போயிக் குடிம்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு அதற்குப் பின்னர்த் திறந்தது அரிது. சாலை பார்த்த வாசலைத் தாழிட்டுவிட்டு, பின்கட்டுச் சந்து வழியாகவே போய்வந்தோம். என் தோழியர் வருவது நின்றது. தீபாவளிக்கு அம்மா அதிரசம் சுட்டார். சுட்டதையெல்லாம் மூடிவைத்துவிட்டு, ஒன்றைத் தின்று சுவரில் சாய்ந்தார். தெருவெங்கும் வெடிச் சத்தம். நான் வெயிற்கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் காதருகில் குனிந்து, “ஏ புள்ள, இந்த அதிரசம் அடுத்த தீவாளிக்கு நமக்குக் கெடைக்கும்” என்றான். சிரிப்பு வந்தது, சிரிக்க அச்சமாயிருந்தது.

மீண்டும் தை வந்தது.

தாழிட்ட கதவுக்குள் இருந்துகொண்டு நான் கேட்ட அந்தத் தையை எப்படிச் சொல்வேன்? வெறுங்கால்கள் சாலையில் படும் ஓசை தனித்தனியாகக் கேட்பதில்லை. பெருமழை நெருங்கிவருவதுபோல் ஒரே ஓசையாகக் கேட்கும். அதனூடே காவடி மணிகள். அரோகரா முழக்கம் எங்கள் சுவரில் மோதி வளைந்து போகும். எவரேனும் கதவைத் தட்டினால் அம்மா என்னைச் சன்னலுக்கு அனுப்புவார். பக்கத்து வீட்டில் கேளுங்கள் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி என் குரலே எனக்குப் பிடிக்காமற்போயிற்று.

ஒரு முற்பகலில் தட்டியவர் நகரவில்லை. பச்சை வேட்டி, துளசி மாலை, தாடி. நான் பாடத்தை ஒப்பித்தேன். அவர், “மோருக்கு வரல பாப்பா. ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்” என்றார். எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. உள்ளே இருந்த அம்மாவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. ஆண்டுதோறும் தெருவில் கூவிய குரலல்லவா? அம்மாவே வந்து தாழை நீக்கினார்.

ஈயம் பூசுபவர். எப்போதும் கரியேறிக் கறுத்திருக்கும் அவர் கைகள் வெளுத்திருந்தன. அதனால்தான் நான் அவரை அறிந்துகொள்ளவில்லை. அவர் வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

“நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போனேன் தாயி. வரல” என்றார். “வேடசந்தூர்ல ஒரு கல்யாண வீட்டு ஏனம் மொத்தமாக் கெடச்சுருச்சு. ஒத்த அண்டாவுக்கு யாரு திரும்பிப் போறதுன்னு இருந்துட்டேன். பெறகுதான் கேள்விப்பட்டேன். அதுலருந்து இந்தத் தெருப்பக்கம் துருத்தியத் தூக்கிட்டு வர ஏலல. தப்பு என்னோடது.”

அம்மா அவரை வியப்போடு பார்த்தார். பிறகு அவர் முகத்தில் எழுந்தது நான் எதிர்பாராதது. சினம்.

“ஒங்க தப்பா? வெள்ளிக்கிழமைன்னு திருப்பி அனுப்புனது யாரு?”

“வாரேன்னு சொன்னவன் வந்திருக்கணும்ல தாயி.”

“வரலைன்னா, ஈயமில்லாத ஏனத்துல மோர ஊத்துன்னு நீங்களா சொன்னீக? புளியப் போட்டுத் தேய்ச்சது நானு. ஊத்துனது நானு. ஒரு வாய் குடிச்சுப் பாக்காமக் கொடுத்தது நானு. இதுல ஒங்களுக்கு என்னண்ணே இருக்கு?”

வேலி தாண்டித் தம் நிலத்துக்குள் கால் வைத்தவரை அதட்டுவதுபோல் அதட்டினார். ஓர் ஆண்டாகப் பேசக் கூடாதென்று அடக்கி வைக்கப்பட்டதெல்லாம், அழுகையாக வராமல், உரிமைச் சண்டையாக வெளிவந்தது. ஈயம் பூசுபவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் மெல்லச் சொன்னார்:

“அப்ப ரெண்டு பேருக்கும் பாதிப் பாதின்னு வச்சுக்குவமா தாயி?”

அம்மாவின் உதடு துடித்தது. சிரிப்பாக மாறவிருந்ததை அடக்கினார் என்றே எண்ணுகிறேன். படியில் அமர்ந்துவிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொன்னார். ஊமை மகனைப் பற்றி, பாய் விரித்துக் கிடந்ததைப் பற்றி. “போறப்ப, எம்புட்டுத் தூரம்னு கேட்டாண்ணே. எனக்கு வாயே வரல. அந்தக் கேள்வி இன்னும் இங்கனயே நிக்கிது” என்று வாசலைக் காட்டினார்.

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். “அது எல்லாரும் கேக்கறதுதான தாயி. இப்ப நானே முக்குல ஒருத்தர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன்.”

“என்ன சொன்னாரு?”

“பக்கந்தான்னாரு” என்று தம் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். கொப்புளங்கள். இருவரும் சிரித்தார்கள். நான் சன்னலோரம் நின்று அம்மா சிரிப்பதைக் கேட்டேன். பூட்டிக் கிடந்த பெட்டியொன்று திறக்கும்போது எழும் ஓசைபோல் கீறலாக இருந்தது அது.

அப்போது அவர் தண்ணீர் கேட்டார். கூட்டத்தார் முன்னே போய்விட்டார்கள், நிற்க நேரமில்லை என்றார். அம்மா உள்ளே சென்று செம்பில் மொண்டு வந்தார். குவளையில் ஊற்றினார். வழக்கம்போல் தம் வாய்க்கு உயர்த்தினார். நான் என்னையறியாமல் வெயிற்கட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்; வெயில் ஒரு கல்லின் தொடக்கத்தில்தான் இருந்தது. இனி அவரும் எங்களைப் போல் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அது எனக்கில்லையா தாயி?” என்று அவர் கையை நீட்டி, அம்மாவின் கையிலிருந்து குவளையை வாங்கிக்கொண்டார். அண்ணாந்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அம்மாவின் கை குவளையைப் பிடித்த நிலையிலேயே நின்றது. விழி அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைத் தொடர்ந்தது. அவர் வாயைத் துடைத்துக் குவளையைத் திருப்பிக் கொடுத்து, “வாரேன் தாயி” என்று சொல்லி, நொண்டியபடியே விரைந்து கூட்டத்தில் கலந்தார்.

அம்மா படியிறங்கிச் சாலைக்கு வந்தார். அவர் விழுகிறாரா என்று பார்க்கவே வந்தார்; அதில் எனக்கு ஐயமில்லை. பச்சை வேட்டி பிற பச்சைகளுக்கிடையே தெரிந்தது, மறைந்தது, மீண்டும் ஒருமுறை தெரிந்தது. பிறகு சாலை வளைந்துவிட்டது. அவர் நடந்துகொண்டுதான் இருந்தார். ஒரு கல்லின் நீளம் வெயில் நகரும்வரை அவரைக் கண்முன் நிறுத்தி வைக்க அம்மாவால் இயலவில்லை.

அன்று நண்பகல் பரிமாறியபோது அண்ணனும் நானும் கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தோம். அம்மா எங்களை ஏறிட்டுப் பார்த்து, “தரையில என்னத்தப் பாக்குறீக? சாப்பிடுங்க” என்றார். சோறு சுட்டது. நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றோம். எல்லாம் அன்றே தீர்ந்துவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். தயிர் புளித்த நாளிலும், விருந்தினர் வந்த நாளிலும் அம்மா பழையபடி முதற்கவளத்தை எடுத்தார். நாங்களும் பழையபடி காத்திருந்தோம். ஆனால் காத்திருப்பு குறுகிவந்தது. ஒருநாள் பாதிக் கல், ஒருநாள் கால் கல். எந்த நாளில் அது முற்றிலும் நின்றது என்று எவருக்கும் தெரியாது. அடுத்த தையில் மண்பானைகளில் மோர் வைத்தார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அதை முருகன் தவறாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பல்லாண்டுகள் கழித்து, நான் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்: “ஒன்னைய நீயே மன்னிச்சுட்டியாம்மா?” அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “அவளுக்குப் பதிலா நான் எப்படிடி மன்னிக்கிறது?” என்றார். பிறகு, “காத்துக்கிட்டே கெடந்தேன்ல, அத விட்டேன். அம்புட்டுத்தான்” என்று சொல்லிக் கீரைத்தண்டை ஒடித்தார். மன்னிப்பைப் பற்றிக் கற்றோர் எழுதியவற்றை நான் நிறையப் படித்திருக்கிறேன். இந்த விடையைத் திருத்த எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

அண்டா என்னவாயிற்றென்று அப்பா இறுதிவரை சொல்லவில்லை. இப்போது புறவழிச் சாலை உணவகங்களில் பழைய பித்தளை அண்டாக்களைத் துலக்கி, முகப்பில் அழகுக்கு வைக்கிறார்கள். ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். வேறு வேறு அம்மாமாரின் பெயர்கள் கிடைக்கின்றன. உட்புறத்தையும் குனிந்து பார்த்துவிடுகிறேன். நீங்கள் கேலி செய்வது அதைத்தான்.

அந்த முற்பகலில் நடந்த ஒன்றை மட்டும் இறுதிக்கென வைத்திருந்தேன். ஈயம் பூசுபவர் வளைவில் மறைந்த பின்னரும் அம்மா சாலையோரத்திலேயே நின்றார். கையில் வெற்றுக் குவளை. அடுத்த கூட்டம் நெருங்கியது. அதில் இளம்பெண்ணொருத்தி, இடுப்பில் கைக்குழந்தை, வெயிலில் கண்களைச் சுருக்கியபடி அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா, பழனிக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்?”

அவள் விடைக்காக நடையைத் தளர்த்தினாள். பிறகு அம்மா, குவளையைப் பிடித்திருந்த கையை மேற்கே நீட்டினார்.

“இந்தா,” என்றார். “பக்கந்தான்.”